அவுட்போர்டு எஞ்சினுக்கு ஸ்பேர் வாங்கும்போது

ஃபைபர் படகில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பாதி உப்புத் தண்ணீரிலேயே உழைக்கிறது. தண்ணீர் பம்ப், கியர், ஷாஃப்ட், புரொப்பெல்லர் எல்லாம் அங்கேதான். ரிப்பேர் என்று வரும்போது கம்பெனி சாமான் வாங்குவதா, விலை குறைந்த வெளித் தயாரிப்பு வாங்குவதா? எல்லாவற்றுக்கும் கம்பெனி சாமான்தான் வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கவும் முடியாது.

1. விலை கேட்கும் முன் ஒரு கேள்வி: இது கடலில் கெட்டால் என்ன ஆகும்? கெட்டாலும் கரை வந்து சேரலாம் என்றால் வெளித் தயாரிப்பைத் தயங்காமல் பார்க்கலாம். எஞ்சின் நின்றுபோகும், கியர் நொறுங்கும் என்றால் காசு பார்க்காதீர்கள். கியர் பெட்டியைத் திறந்து மாற்ற வேண்டிய சாமான் என்றால் மறுபடி திறக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

2. எஞ்சினைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரே குதிரைத்திறனில் பல மாடல்கள் உண்டு. யமஹா சாமான் எண்ணில் நடுவில் வரும் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். 44352 என்றால் இம்பெல்லர். அதற்கு முன் எண்ணாகவோ எழுத்தாகவோ உள்ள மூன்று குறிகள், அது முதலில் எந்த எஞ்சினுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

3. இம்பெல்லரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடல் தண்ணீரை மேலே ஏற்றி எஞ்சினைக் குளிர்விப்பது இந்த ரப்பர் சக்கரம்தான். ரப்பர் தரமில்லை என்றால் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும், அல்லது வெடித்து உடையும். உடைந்த துண்டு தண்ணீர்ப் பாதையில் போய் அடைத்தால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது. அதனால் பழையதைக் கழற்றியதும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுத்த பிறகே மூடுங்கள். இம்பெல்லரை மட்டும் மாற்றாமல் அதன் கிண்ணம், அடித்தட்டு, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குவது நல்லது. கிண்ணத்தில் கோடு விழுந்திருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் தேயும்.

4. பேரிங்கைப் பெரும்பாலும் எஞ்சின் கம்பெனி செய்வதில்லை. பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அதே எண்ணில், பெயர் பெற்ற பேரிங் கம்பெனியின் சரக்கை நம்பிக்கையான கடையில் வாங்கினால் போதும். ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் பொருந்த வேண்டும். கூடவே, உதட்டுக்குள் இருக்கும் சுருள் கம்பி துருப்பிடிக்காத எஃகுதானா என்று கேளுங்கள். சாதாரணக் கம்பி உப்பில் அரித்து அறுந்தால் கியர் ஆயிலில் தண்ணீர் இறங்கும்.

5. புரொப்பெல்லர் பின் உடைந்தால் கையில் கிடைத்த ஆணியையோ எஃகு போல்ட்டையோ செருகாதீர்கள். கல்லில் அடித்தால் கியரைக் காப்பாற்றத்தான் அந்தப் பின் முதலில் உடைகிறது. இதற்குக் கம்பெனிப் பின்னே வேண்டும். இரண்டைப் படகிலேயே வைத்திருங்கள்.

6. புரொப்பெல்லரில் நல்ல வெளித் தயாரிப்புகள் இருக்கின்றன. விட்டமும் பிட்ச்சும் அங்குலத்தில் பொறித்திருக்கும். இரண்டும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், உள் பற்களின் எண்ணிக்கையும்தான். பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் முழு வேகத்தில் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று குறையும், எஞ்சின் திணறும். நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் மட்டமாக இருந்தால் எஞ்சின் இரையும், படகு நகராது.

7. அனோடு அரிப்பதற்கென்றே வைத்த உலோகம். அது கரைந்தால் அலுமினிய உடம்பு தப்பும். வெளித் தயாரிப்பே போதும், ஆனால் எந்த உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அனோடுக்கான அலுமினியக் கலவை. கழிமுகத்திலும் ஓடும் படகுக்கு அலுமினியமே மேல். மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். அனோடு மேல் பெயிண்ட் படக் கூடாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

8. கியர் ஆயில் மாற்றும்போதெல்லாம் திருகுகளின் வாஷரையும் மாற்றுங்கள்.

9. அவுட்போர்டு இல்லாமல் பெட்ரோல் எஞ்சினைப் படகுக்குள் மூடி வைத்து ஓட்டுபவர்கள் கார் கடையில் ஆல்டர்நேட்டரோ ஸ்டார்ட்டரோ வாங்கவே கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அப்படியே பொருந்தவும் செய்யும். ஆனால் படகுக்கென்று செய்வதில் உள்ளே எழும் தீப்பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி அடைப்பு இருக்கும். கார் சாமானில் அது கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

10. தன் பெயரைப் போட்டு விற்கும் வெளித் தயாரிப்பு வேறு, கம்பெனிப் பெட்டியில் வரும் டூப்ளிகேட் வேறு. இரண்டாவதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் எடை, அச்சு, வார்ப்பின் விளிம்பு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சாமான் எண் எழுதிய பில் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

11. மாட்டியதும் நேராகக் கடலுக்குப் போகாமல், பம்ப் மூழ்கும் அளவுக்கு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். சில நடை ஓடியதும் கியர் பெட்டியின் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்தி ஒரு சொட்டுப் பாருங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் சீலைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும்.