தீவு வேண்டாம்... மூன்று ராத்திரி போதும்!

"டாக்டர், மாலத்தீவுக்குப் போகலாம்னு இருக்கோம். இவருக்கு பி.பி. இருக்கே, பிளேன்ல போகலாமா?"

மதுரையிலிருந்து வந்திருந்த அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது, கணவர் என் மேஜை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு 52 வயது, அலுவலகத்தில் கணக்கு அதிகாரி. அன்று பி.பி. 160/100. அந்த அம்மாளுக்கு 47. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே பால் கணக்கும் ஃபீஸ் கணக்கும்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

"பி.பி. அடங்கினதும் தாராளமா பிளேன்ல போகலாம்மா. செலவு?"

"ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டலாம் டாக்டர். இவர் பி.எஃப். லோன் போடப் போறார்."

மாலத்தீவின் முதல் ரிசார்ட் 1972-ல் குரும்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது. 'ஒரு தீவு, ஒரு ஹோட்டல்' என்பது அந்த நாட்டின் பாணியாகவே ஆகிவிட்டது. பணம் இருப்பவர்கள் போகட்டும், தப்பில்லை. ஆனால் கடன் வாங்கி ஓய்வெடுக்கப் போனால், திரும்பி வந்ததும் தவணை ஆரம்பித்துவிடும். தவணைக்கும் பி.பி.க்கும் எவ்வளவு நெருக்கம் என்பது உங்களுக்கே தெரியும்.

நம் ராமநாதபுரம் கடலிலும் தீவுகள் உண்டு. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சின்னத் தீவுகள் கணக்கில் இருந்தன. அவற்றில் இரண்டு கடலுக்குள் முங்கிப்போயின. 1986-ல் இந்தப் பகுதி கடல்வாழ் உயிரினங்களுக்கான தேசியப் பூங்கா ஆனது. பவளப் பாறையும் கடல்பசுவும் அங்கே வாசம். மனிதர்கள் தங்க அனுமதியில்லை. அதுவும் நல்லதுதான்! நமக்கு இருக்கவே இருக்கிறது பாம்பன் தீவு. அதாவது, ராமேஸ்வரம்.

சொன்னதும் அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "போன வருஷம்தான் போனோம் டாக்டர். வேன்ல பதினோரு பேர். விடிகாலை மூணு மணிக்கு எழுந்து பதினோரு பேருக்கும் புளியோதரை கட்டினேன். தீர்த்தம் ஆடி, தரிசனம் பண்ணி, தனுஷ்கோடி பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்பிட்டோம். மறுநாள் எனக்குக் காய்ச்சல், இவருக்குத் தலைசுத்தல்."

அது யாத்திரை. யாத்திரைக்கு அதற்கான பலன் உண்டு, நான் குறை சொல்லவில்லை. அதை ஓய்வுக் கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

முக்கியமாகப் பெண்களுக்கு. வீட்டில் பார்க்கிற அதே வேலையை இன்னொரு ஊரில் போய்ப் பார்ப்பதற்குப் பெயர் லீவு இல்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து, 1992-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்களில், அபூர்வமாகவே விடுமுறையில் போனவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. பகலில் தனிமை, தூக்கம் வராமை ஆகியவையும் அதே பட்டியலில் இருந்தன. ஊருக்குப் போகாததால்தான் மாரடைப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. போக முடியாத அளவுக்கு வாழ்க்கை இறுகிப்போயிருந்ததும் காரணமாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. லீவில் கிடைக்கிற தெம்பு, வேலைக்குத் திரும்பிய ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அப்படியானால் பத்து வருஷத்துக்கு ஒரு மாலத்தீவைவிட, வருஷத்துக்கு இரண்டு தடவை பக்கத்து ஊர் மேல்தானே?

அதனால் அவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான்: மாத்திரையில் கொஞ்சம் மாற்றம், பி.பி. அடங்கின பிறகு மூன்று ராத்திரி ராமேஸ்வரம், இரண்டே பேர். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் வேண்டாம். புயல் மழைக் காலமும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. வெயில் கடுமை இருக்காது, தனுஷ்கோடி போகும் வழியில் தேங்கிய நீரில் பூநாரைகளையும் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான். மத்தியானம் தூக்கம். செல்போனை சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் திறக்கலாம்.

"முதல் நாள் சண்டை வரும், பயப்படாதீங்க" என்றும் சொன்னேன். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அமுங்கிக் கிடப்பதெல்லாம் சும்மா உட்கார்ந்ததும் மேலே வரும். தலைவலிகூட வரலாம். அதற்காகத்தான் மூன்று ராத்திரி.

இனி உடம்பு விஷயம். கோயிலில் 22 தீர்த்தம் ஆடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு போகவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பையில் நாலு பிஸ்கட், கொஞ்சம் சர்க்கரை வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நடந்து வந்த பிறகு, உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கல் குத்தினதும் தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. ஈரத் துணியோடு வரிசையில் நிற்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

தனுஷ்கோடியில் ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும் கடலைப் 'பெண் கடல்' என்பார்கள், சீறுகிற பக்கம் 'ஆண் கடல்'. அடங்கியிருக்கிறதே என்று அங்கே குளிக்க இறங்காதீர்கள், உள்ளிழுப்பு உண்டு. 1964 டிசம்பரில் வந்த புயல் அந்த ஊரையே எடுத்துக்கொண்டு போனது, பயணிகளோடு வந்த ரயிலும் தப்பவில்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்துவிட்டதால் இப்போது காரிலேயே போகலாம். ஆனால் நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். காலை நனைத்துக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழல், அலையும் குறைவு. ஜெல்லி மீன் பட்டுவிட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீரால் அலசுங்கள். மூச்சு முட்டினால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. புது மீனைக் குழம்பாகச் சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். கருவாடு மட்டும் பி.பி.க்காரர்களுக்கு ஆகாது, அத்தனையும் உப்பு. ஞாபகார்த்தமாகக் கிலோ கணக்கில் வாங்கி வந்து மாசம் முழுக்கச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். 'பதநீர் குளிர்ச்சிதானே' என்று சர்க்கரைக்காரர்கள் டம்ளர் டம்ளராகக் குடிப்பதும் இதே கதைதான். இனிப்பு இனிப்புதான். நுங்கு இரண்டு போதும்.

பிப்ரவரி கடைசியில் இருவரும் திரும்ப வந்தார்கள். பி.பி. 136/86. ராமேஸ்வரத்துக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது, மாத்திரைக்கும் பங்கு உண்டு.

"முதல் நாள் சண்டை வந்துதா?"

"வந்துது டாக்டர்" என்றார் அவர். "என் அம்மா நகையை அடகு வெச்ச விஷயம். எட்டு வருஷமா பேசாம இருந்தோம். ரெண்டு மணி நேரம் பேசினோம்."

அந்த அம்மாள் குறுக்கிட்டார். "ரெண்டாம் நாள் மத்தியானம் நான் தூங்கிட்டேன். எழுந்தப்போ மணி அஞ்சரை. இவரே கடையில டீ வாங்கிட்டு வந்து ஆறவெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்."

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஆகஸ்ட்ல திரும்பப் போகலாம்னு இருக்கோம். என் நாத்தனார், குடும்பத்தோட கூட வரேங்கிறாங்க. என்ன சொல்லட்டும் டாக்டர்?"

"அவங்களுக்குத் தனியா ஒரு வேன் ஏற்பாடு பண்ணிக் கொடுங்க, வேற தேதியில" என்றேன்.