ஆங்கிலம் அறிவோம்: ‘கெயார்ஃபுலி’



இடம்பெயர்ந்து வாழும் எமக்கு ஆங்கிலச் சொற்கள் பல இடங்களில் எதிர்ப்படுகின்றன. படிவங்களிலும், பூச்சிநாசினிப் போத்தல்களிலும், வீதியோரப் பலகைகளிலும் அடிக்கடி காணும் ஒரு சொல் ‘கெயார்ஃபுலி’. இம்முறை அதனைப் படிப்போம்.

பொருள்

‘கெயார்’ என்றால் கவனம். ‘கெயார்ஃபுல்’ என்றால் கவனமான. ‘கெயார்ஃபுலி’ என்றால் கவனமாக. நாம் ‘ஆக’ சேர்ப்பது போல அவர்கள் ‘லி’ சேர்க்கின்றார்கள். ஒரு செயலை எவ்விதம் செய்ய வேண்டும் என்பதை இது சொல்வதால் இது வினையடை.

வரும் இடம்

தமிழில் ‘கவனமாக வாசி’ என வினைக்கு முன்னே வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னே வரும். ‘ரீட் த லேபல் கெயார்ஃபுலி’ என்றால் ‘லேபலைக் கவனமாக வாசி’ என்பதாகும்.

பூச்சிநாசினிப் போத்தலில் இதைக் கண்டால் நான்கு விடயங்களைப் பாருங்கள்: கலக்கும் அளவு, அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்கள், முதலுதவி, நிறப்பட்டை. சிவப்புப் பட்டை கொடிய நஞ்சைக் குறிக்கும். எழுத்துத் தெரியாவிட்டால் பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

வழமையான பிழை

‘கவனமாக இரு’ என்பதை ‘பி கெயார்ஃபுலி’ என்று சொல்லக் கூடாது. ‘பி கெயார்ஃபுல்’ என்பதே சரி.

ஒத்த சொல்

‘கோஷஸ்லி’ என்றால் ஆபத்து வரலாம் என்று எச்சரிக்கையாக. கடன் கணக்கை ‘கெயார்ஃபுலி’ பார்க்கின்றோம். மாரியில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குத் தோணியில் ‘கோஷஸ்லி’ செல்கின்றோம்.

இச்சொற்கள் பொருந்தாத இடம்

2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலுமிருந்து இடம்பெயர்ந்தோர் திரும்பியபோது, ‘டேஞ்சர் மைன்ஸ்’ என்ற சிவப்புப் பலகைகளைக் கண்டார்கள். ‘அபாயம், மிதிவெடி’ என்பது அதன் பொருள். அப்பலகை ‘கவனமாகப் போ’ என்று சொல்லவில்லை; ‘போகாதே’ என்றே சொல்கின்றது. மண்ணுள் புதைந்ததை எவ்வளவு கவனமாக நடந்தாலும் காண முடியாது. மட்டக்களப்பு 2017இல் மிதிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் வட்டையில் சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, கிராம சேவகருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

எபேசியர் 5:15இல் புனித பவுல் நம் நடத்தை பற்றிக் கேட்பதும் இத்தகைய கவனத்தையே.

பயிற்சி

‘கெயார்ஃபுல்’, ‘கெயார்ஃபுலி’ இரண்டில் எது பொருந்தும்?
1. பி ______.
2. ட்ரைவ் ______.
3. ஷீ இஸ் எ ______ ஃபாமர்.

விடைகள்: 1. கெயார்ஃபுல் 2. கெயார்ஃபுலி 3. கெயார்ஃபுல்