இழையெண்ணும் கண்கள்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது பழமொழி. ஆயின், அவ்வாடையின் தரத்தை அறிவது எங்ஙனம்? விலையும் பகட்டும் அதற்கு அளவாகா, இழையே அளவாகும்.

நீலகிரி மாவட்டத்தின் மேல்பால் அமைந்தது குளிர் மிகுந்த குந்தா மலைப்பகுதி. இப்பகுதி உள்ளிட்ட மேட்டுநிலத்தின் தொல்குடியினர் தோடர். அவர்தம் போர்வைக்குப் பூத்துக்குளி என்பது பெயர். தோடர் துணி நெய்வதில்லை; வெண்ணிறப் பருத்தித் துணியை வெளியிலிருந்து பெறுவர். அதன்மீது சிவப்பு, கறுப்பு நூல்களால் பூவேலை செய்வது மகளிர் பணி. அவர்கள் துணியில் கோடு வரைவதில்லை. பாவிழைகளையும் ஊடையிழைகளையும் எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துவர். ஓரிழை பிழைப்பினும் கோலம் கோணும். ஆதலின், பருமனும் இடைவெளியும் ஒத்த இழைகளையுடைய துணியே அவர்கட்கு ஏற்றதாகும்.

ஆலைகளிலும் இழையெண்ணும் வழக்கம் உண்டு. ஓர் அங்குலச் சதுரத் திறப்புடைய உருப்பெருக்குக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து, பாவையும் ஊடையையும் தனித்தனியே எண்ணுவர். நூலின் நுண்மைக்கும் எண் உண்டு. பருத்தி நூலில் 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டங்கள் அடங்கின், அது 40-ஆம் எண் நூல்; அதன் நீளம் 33,600 கெஜம். எண் உயர உயர நூல் நுண்ணிதாகும். பாம்பின் உரியையொத்த நுண்ணிய ஆடையைப் பொருநராற்றுப்படை புகழ்கின்றது.

எனினும், நுண்மை ஒன்றே தரமன்று. கோடைக்கு மெல்லிய துணியும், குந்தாவின் பனிக்குத் தடித்த துணியும் வேண்டும். துவைத்தால் 100 சென்டிமீட்டர் துணி 97 ஆகச் சுருங்குமாயின், அளவெடுத்துத் தைத்த சட்டையும் பொருந்தாது போகும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

தோடர் பூவேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பொறி தைத்ததை அப்பெயரால் விற்பின், வாங்குவோர் பொருளை இழப்பர். கண் வருந்த உழைத்த மகளிரோ வாழ்வையே இழப்பர். துணியைத் திருப்பிப் பார்த்தால் உண்மை ஓரளவு விளங்கும். பொறித் தையலில் அடிநூல் ஒன்று மறுபுறத்தே தனியே ஓடும்.

தரம் அறிந்து வாங்குவோன் தன் பொருளைக் காப்பதோடு, பிறர் உழைப்பையும் காக்கின்றான்.