விடுபட்ட பெயர்கள்

அன்புள்ள தங்கைக்கு,

செவிலியர் படிப்பில் சேரப்போகிறாயாம், மகிழ்ச்சி. வார்டு வேலை உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். சென்னையில் மயிலாப்பூர்ச் சந்துகளிலும் நொச்சிக்குப்பத்திலும் படியேறி இறங்கும் மாநகராட்சி சுகாதாரச் செவிலியரின் வேலை தெரியுமா? சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்பது தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கு.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் (பென்டா) தடுப்பூசி, 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா என்று அட்டவணை சுருக்கமாகச் சொல்லிவிடும். ஆனால் முதல் பென்டா போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால், அடுத்த தவணைக்கு அனுப்பப் பாட்டி சம்மதிக்க மாட்டார். அந்தப் பாட்டியிடமே உட்கார்ந்து, காய்ச்சல் ஏன் வருகிறது, மருந்து எவ்வளவு கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்பவர் செவிலியர். தட்டம்மை மருந்தைக் கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். அதனால் நாலைந்து தாய்மார்களாவது ஒரே நேரத்தில் வரும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே போட வேண்டும் என்றது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7. இந்த ஒரு முடிவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வர வேண்டிய தாயை அந்த உத்தரவு எண்ணிப் பார்க்கவில்லை. 2019-21இல் 89.2 சதவீதமாக ஏறியது.

2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தனியார் பள்ளிப் பெற்றோர் பலர் ஊசி போட மறுத்தார்கள். படித்தவர் வீட்டுக் கதவும் எளிதில் திறப்பதில்லை, தங்கை.

2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. வீடு மாறினால் பழைய பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் புதிய இடத்துச் செவிலியர் அடுத்த ஊசியைத் தொடர்வார். அட்டை தொலைந்திருந்தால் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

பயிற்சிக்குப் போகும் இடத்தில், ஊசி விடுபட்ட குழந்தைகளின் பட்டியலைக் கேட்டு வாங்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, காய்ச்சல் பயமா, கூலியா, வீடு மாறியதா என்று காரணத்தைக் குறித்துக்கொள். அந்தக் குறிப்பை மேலதிகாரியிடம் கொடு.

அன்புடன்,
அக்கா