நாரிக்கு ஒரு வாளி தண்ணீர்

உடுவிலில் என் ஜிம்முக்கு உடம்பை முறுக்கேற்ற வருகிற பெடியளும் உண்டு. ஆனால் "நாரி ஏலாது தம்பி" என்றபடி வருகிற அன்ரிமார்தான் இப்போது கூட. வலிகாமத்துச் செம்மண்ணில் குந்தியிருந்து வெங்காயம் நட்டு, புல்லுப் பிடுங்கிய உடம்புகள். கையில் ஒரு ஸ்கான் றிப்போட்டும் இருக்கும். "டிஸ்க் தேஞ்சு போச்சாம். இனிக் குனியவே பயமாக் கிடக்கு."

றிப்போட்டுக்கு விளக்கம் சொல்வது வைத்தியரின் வேலை, நான் அதில் கை வைப்பதில்லை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் சொல்வேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015இல் வந்தது. 20 வயதினரில் 37 வீதமானோருக்கும், 80 வயதினரில் 96 வீதமானோருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. தலைமயிர் நரைப்பது போலத்தான் இதுவும் என்றதும் அரைவாசிப் பயம் இறங்கிவிடும்.

"அப்ப எனக்கு மனசிலதான் வருத்தமோ?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. நோவு நிசம். மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்களில் பலர், இல்லாத காலின் பெருவிரல் கடுக்கிறது என்பார்கள். அதை நடிப்பென்று யாரால் சொல்லமுடியும்? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு அந்த நோவு குறைந்தது. நோவை உணர்த்துவது மூளை. பலகாலம் நொந்து பழகிய நரம்புகள், காயம் ஆறிய பிறகும் சின்ன அசைவுக்கே கத்தும். அவற்றுக்குத் துணிவு வர, அசைவைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அதனால் முதல்நாள் நான் கேட்பது, "என்ன வேலையைத் திரும்பச் செய்ய ஆசை?" திருவலையில் இருந்து தேங்காய் துருவவேண்டும் என்பார் ஒருவர். கிணற்றடியில் வாளி தூக்கவேண்டும் என்பார் இன்னொருவர். வாளிக்காரருக்கு டெட்லிஃப்ட் என்ற பெயரே தேவையில்லை. கதிரையில் இருந்து எழும்பப் பழகினதும், ஸ்ரூலின் மேல் கால்வாளித் தண்ணீர். பிறகு அதே பாரம் இன்னும் பதிவான இடத்திலிருந்து. கடைசியாக நிலத்திலிருந்து. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இவ்வளவு நுணுக்கமாகப் பாரம் கூட்டிக் குறைக்கிற சாமான் என் ஜிம்மில் வேறு இல்லை.

செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் நொந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் பாருங்கள். வழமையைவிடக் கூடியிருந்தால் ஒரு லீற்றரைக் குறையுங்கள், அடியோடு விடாதீர்கள். ஆனால் என்னை அதிகம் அலைக்கழிப்பது நோகாத நாள்தான். அன்றைக்கு முழு வளவையும் கூட்டி, உடுப்பெல்லாம் தோய்த்துவிட்டு, பிறகு கிழமைக்கணக்கில் படுக்கை! சுகமான நாளிலும் சொன்ன அளவுதான்.

கரப்பந்து விளையாடிக் குதித் தசைநாண் நோகிற பெடியளுக்கு ஹோகன் அல்பிரட்சனின் கதை. சுவீடனைச் சேர்ந்த இந்த எலும்பு மருத்துவருக்கும் அதே நோவு. சத்திரசிகிச்சை செய்ய மேலதிகாரி மறுத்துவிட்டார். அறுந்தாலாவது செய்வார்களே என்று தசைநாணில் பாரத்தை ஏற்றோ ஏற்றென்று ஏற்ற, நோவு மாறிப்போனது. படியில் நின்று குதியை ஆறுதலாகக் கீழே இறக்கும் அவருடைய பயிற்சி 1998இல் வெளியானது. நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். எங்கள் பெடியளுக்கு முதற்கிழமையிலேயே பொறுமை போய்விடும்.

சிலரை நான் பயிற்சிக்கே எடுப்பதில்லை. படுத்தாலும் விடாத இரவு நோவு, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, சலம் போவது தெரியாமை, தொடையிடுக்கில் விறைப்பு. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டும். சலமும் விறைப்பும் என்றால் ஒரு மணித்தியாலமும் சுணங்கக் கூடாது.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மகன்மார் எடுப்பார்கள். "அம்மாவை ஒண்டும் தூக்க விடாதேங்கோ அண்ணை. வேலைக்கு ஆள் வைக்கக் காசு அனுப்புறம்." பாசம்தான். ஆனால் தூக்காமல் விட்டுத்தான் அந்தக் கால்கள் இப்படி மெலிந்தன. காசை அனுப்புங்கோ, அது நல்லது. அடுத்தமுறை கோல் எடுக்கேக்க, "நாரி நோகுதோ?" எண்டு கேளாமல், "இண்டைக்கு எத்தினை லீற்றர் தூக்கினீங்கள்?" எண்டு கேளுங்கோ என்பேன்.