முப்பத்து மூன்று ஆண்டுகளில் எழுந்த ஆலயம்



நம் இராயபுரம் கடற்கரையில் நின்று பார்த்தால் இன்று கப்பல்களும் பாரந்தூக்கிகளும் கண்ணில் படுகின்றன. 1838-ஆம் ஆண்டில் இங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில்தான் பயணிகள் அலையைக் கடந்து கரை சேர வேண்டும். அவ்வாண்டு சனவரித் திங்களில் அவ்வாறு சென்னைக் கரையில் வந்து இறங்கினார், இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர். அவர் பெயர் இராபர்ட் கால்டுவெல். சென்னை மெரினா கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட அவர் சிலையை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள்.

அவரைத் தமிழறிஞர் என்று பாடநூலில் படிக்கிறோம். ஆனால் அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது ஒரு சிற்றூரில். அங்கே ஓர் ஆலயத்தை எழுப்புவதில். அந்த ஆலயத்தின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

செம்மண் தேரியில் ஒரு சிற்றூர்

அயர்லாந்தில் 1814-இல் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்றவர் கால்டுவெல். சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். 1841-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து, திருநெல்வேலிச் சீமையை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார். அப்போது இரயில் ஏது? நம் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்டதே 1856 சூலை முதல் நாளில்தான். வழிநெடுக மக்களின் பேச்சையும் பழக்கங்களையும் அறிந்துகொண்டே சென்றவர், அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி என்னும் ஊரை அடைந்தார்.

உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய் வந்த குடும்பங்கள் நம் பகுதியில் பல உண்டு. அந்த உவரிக்குத் தொலைவில் இல்லாத ஊர்தான் இடையன்குடி. செம்மணல் பரந்த தேரி. நிழலுக்கும் பிழைப்புக்கும் பனைமரம். ஆண்கள் பனையேறிப் பதனீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள். கடலோரத்துப் பரதவ மக்களிடையே புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் பணியாற்றியதை நாம் அறிவோம். உள்நாட்டுப் பனங்காட்டு ஊர்கள் பலவற்றில் கிறிஸ்தவம் பரவியது அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சீர்திருத்தச் சபையாரின் வழியாக. நாம் 'பங்கு' என்று சொல்வதை அவர்கள் 'சேகரம்' என்பார்கள். இடையன்குடி அத்தகைய ஒரு சேகரத்தின் தலைமை ஊராயிற்று.

கால்டுவெல் முதலில் ஊரைச் சீர்செய்தார். தெருக்களை நேராக அமைத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், மரங்கள் நட்டார்.

பள்ளி முந்தியது

1844-இல் கால்டுவெல் நாகர்கோவிலில் திருமணம் செய்துகொண்டார். மணமகள் எலைசா, அங்கே பணியாற்றிய மால்ட் ஐயரின் மகள். தமிழ் அவருக்குப் பிள்ளைப் பருவம் முதல் பழகிய மொழி. ஊர்ப் பெண்களோடு அவர்களுடைய பேச்சிலேயே பேசக்கூடியவர்.

இடையன்குடிக்கு வந்ததும் எலைசா அம்மையார் தொடங்கியது பெண்களுக்கான விடுதிப் பள்ளி. அது எளிய செயலன்று. பதனீர் காய்ச்சும் காலத்தில் வீட்டில் ஒவ்வொரு கையும் வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வேண்டும். "பெண் படித்து என்ன ஆகப் போகிறது?" என்ற கேள்வி வேறு. இக்காரணங்களைக் கேட்கும்போது உங்களுக்கு அவை பழங்கதையாகத் தோன்றுகின்றனவா? மீன் கூடையையும் ஆலை வேலையையும் நம்பிப் பிழைக்கும் நம் தெருக்களிலும் இதே காரணங்களைச் சொல்லிப் படிப்பை நிறுத்திய பெண்கள் உண்டு அல்லவா?

எலைசா அம்மையார் எழுத்தோடு ஒரு கைத்தொழிலையும் கற்றுக் கொடுத்தார். அது 'ரேந்தை' பின்னுதல். திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுண்ணிய வேலை. இதை நாகர்கோவிலில் முன்பே தொடங்கியவர் அவருடைய தாயார் மார்த்தா மால்ட். அங்கே ரேந்தை பின்னிய பெண்கள் சிலர், தாம் ஈட்டிய கூலியைக் கொண்டே அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு நூற்கண்டின் மதிப்பு விளங்கும்.

ஆலயம் பிந்தியது

1847-இல் தூய திரித்துவ ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது திருநிலைப்படுத்தப்பட்டது 1880 சூலை 6-ஆம் நாள். இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள்! அடிக்கல் நாட்டிய அன்று பிறந்த குழந்தை, தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அர்ச்சிப்பு விழாவுக்கு வந்திருக்கலாம்.

ஏழைச் சிற்றூரில் பெரிய கட்டடம் என்றால் பணம் துளித்துளியாகத்தான் சேரும். கல்லும் மரமும் மாட்டு வண்டியில் வர வேண்டும். கூர்மாட வளைவுகள் கொண்ட 'கோதிக்' முறைக் கட்டடத்தை அவ்வூர்க் கொத்தர்கள் கண்டதில்லை. ஆகையால் சாளரங்களின் மாதிரியைக் கால்டுவெல்லே களிமண்ணில் செய்து காட்டினார் என்று சொல்வர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே வாட்டிய தாது வருடப் பஞ்சமும் வந்து போயிற்று. அந்நாட்களில் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றுவதே முதல் ஆராதனையாக இருந்தது. பஞ்சம் நீங்கி இரண்டு ஆண்டுகளில் ஆலயம் நிறைவு பெற்றது. அதற்குள் கால்டுவெல் 1877-இல் ஆயராகத் திருநிலை பெற்றிருந்தார்.

இந்த நீண்ட காத்திருப்பின் நடுவில்தான் அவருடைய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856-இல் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன ஒரே குடும்பத்து மொழிகள் என்றும், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்றும் அந்நூல் விரிவாக நிறுவியது. சென்னையில் எல்லிஸ் என்பவர் 1816-இலேயே இக்கருத்தைச் சொல்லியிருந்தார். அதை உலகம் ஏற்கும்படி செய்தவர் கால்டுவெல்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும்

வரலாறு படிப்பவர் புகழ் மட்டும் பாடக்கூடாது. 1849-இல் கால்டுவெல் அப்பகுதி நாடார் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர்களைத் தாழ்வாகக் குறித்தவை அம்மக்களின் மனத்தைப் பெரிதும் புண்படுத்தின. கல்வி பெற்ற அச்சமூகத்தினரே பின்னர் எழுந்து அதை வன்மையாக மறுத்தனர். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பிறருக்காக உழைப்பது ஒன்று. அவரை மதித்து எழுதுவது மற்றொன்று. இரண்டும் வேண்டும். படிப்பு வந்தால், தம்மைப் பற்றிப் பிறர் தவறாக எழுதியதை மக்கள் தாமே திருத்துவார்கள் என்பதும் இதனால் விளங்குகிறது.

இன்று

கால்டுவெல் 1891 ஆகஸ்டு 28-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. எலைசா அம்மையாரும் 1899-இல் மறைந்தார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பல அதனுள் இணைந்தன. இடையன்குடியும் அதில் சேர்ந்தது.

"இது நம் சபையின் கோயில் அல்லவே, நாம் ஏன் படிக்க வேண்டும்?" என்று ஒருத்தி கேட்கலாம். பிரிந்திருக்கும் கிறிஸ்தவர்களைச் சகோதரராக மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் நமக்குக் கற்பித்தது. ஒருவரை மதிப்பதற்கு முதற்படி அவருடைய கதையை அறிவது.

அத்துடன், அந்த ஆலயத்தின் கதை நம் பள்ளியின் கதையும்தான். கல் சுவர் எழ முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஆனால் பெண்களுக்கு எழுத்தறிவிக்க அவர்கள் கோபுரம் முடியும் வரை காத்திருக்கவில்லை. பெற்றோர்களே, வீடு கட்டி முடியட்டும், கடன் தீரட்டும், அப்புறம் பெண்ணைப் படிக்க வைக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மாணவியரே, வீட்டில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும், புத்தகத்தை மூடிவிடுமுன் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கள்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1838 – கால்டுவெல் சென்னைக்கு வருதல்
1841 – இடையன்குடியை அடைதல்
1844 – எலைசா அம்மையாருடன் திருமணம்
1847 – ஆலய அடிக்கல்
1856 – ஒப்பிலக்கணம் வெளிவருதல். இராயபுரத்திலிருந்து முதல் இரயில்
1880 – ஆலயம் திருநிலைப்படுத்தப்படுதல்
1891 – கால்டுவெல் மறைவு