சூரிய சக்திப் பம்ப்பின் கன்ட்ரோலரில் மோட்டாரின் அளவுகளைப் பதிதல்

சூரியப் பலகைகளினின்று வரும் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரமாக மாற்றித் தருவது கன்ட்ரோலர் என்னும் பெட்டியாகும். அதன் மென்பொருள், தன்னிடம் பதியப்பட்ட எண்களையே நம்பி மோட்டாரைக் காக்கிறது. ஆகையால் மோட்டாரின் தகட்டிற் கண்ட வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ் ஆகியவற்றைப் பிசகின்றிப் பதிதல் அவசியம்.

குதிரைச் சக்தியைக் கொண்டு ஆம்பியரை உத்தேசித்தல் கூடாது. ஒரே சக்தியுள்ள மோட்டார்களில் நீர்மூழ்கி மோட்டார் பெரும்பாலும் அதிக ஆம்பியரை இழுக்கும். ஆம்பியரைக் கூட்டிப் பதிந்தால், மோட்டார் திணறுங்கால் காப்பு வேலை செய்யாது, சுருள் கருகிப்போம். குறைத்துப் பதிந்தாலோ பம்ப்பு அடிக்கடி நிற்கும். நிற்கின்றதென்று காரணம் பாராமல் எண்ணை உயர்த்துவோர், மோட்டாரின் ஆயுளைக் கொடுத்தே அன்றைய நீரைப் பெறுகின்றனர்.

ஹெர்ட்ஸில் நேரும் பிழை எளிதிற் புலப்படாது. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 60 ஹெர்ட்ஸ் என்று பதிந்துவிட்டால், 50 ஹெர்ட்ஸில் ஓடுகையில் அதற்குக் கிடைப்பது சுமார் 346 வோல்ட்டே. அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியரை ஏற்றுச் சூடேறும்.

மேகமூட்டத்தில் வேகம் குறைதல் பழுதன்று. எனினும் நீர்மூழ்கி மோட்டாரின் தாங்கி தேயாதிருக்கும்பொருட்டு, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடாதவாறு வரம்பு வைத்தல் நலம்.

மோட்டாரை மாற்றும்போது பழைய எண்கள் பெட்டியில் அப்படியே தங்கிவிடும். அவற்றை உடனே திருத்தி, கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.